தண்ணீருக்கு எண்ணத் தெரியாது

எங்கள் கட்டிடத்துத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும் என்று நினைக்கிறேன், மேடம். தவறாகவும் இருக்கலாம். எதை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். மாலை வகுப்பில் பழுது நோட்டு எழுதும்போதும் முதல் வரியை இரண்டு மூன்று முறை அடித்துத்தான் எழுதுவேன். நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுது, அவசரம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவசரம் இல்லை என்று ஒருவர் என்னிடம் சொல்லி நெடுநாள் ஆகிறது.

அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். காய்ந்த பிறகுதான் குணம் தெரியும். தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளையாக ஒரு தடம் விட்டுப் போகும். அந்தத் தடத்தின் மேல் இன்னொரு தடம். நாளாக ஆக அது கல்லாகிவிடும். "நம்ம தண்ணியக் குடிச்சா எலும்பு வலுவாகும்டா, கிட்னியும் வலுவாகி கல்லாயிடும்" என்பார் மாமா. மாமா என்றால் என் அக்காவின் கணவர். பன்னிரண்டு வீடுகள் உள்ள அந்தக் கட்டிடத்தைப் பராமரிப்பவர் அவர். நான் பதினாலு வயதில் அவர்கள் வீட்டுக்கு வந்தேன். இப்போது இருபத்திரண்டு.

பன்னிரண்டு வீட்டிலும் கழிப்பறைதான் முதலில் கெடும். ஃப்ளஷ் டேங்குக்குள் தண்ணீர் வரும் துளை ஊசிமுனை அளவுக்கு அடைந்துவிடும். மிதவையின் கை இறுகி, மேலே வந்தது கீழே இறங்காது. அடியில் உள்ள ரப்பர் வாஷருக்குக் கீழே மணல் மாதிரி படிவு சேர்ந்தால் வாஷர் சரியாக உட்காராது; தண்ணீர் விடிய விடிய ஒழுகும். கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றப் போனால் கையோடு முறிந்து வரும். ஒன்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொன்று கெட்டிருக்கும். மாடிக்கும் தரைக்கும் நடந்தே என் எட்டு வருடம் போயிற்று.

மாமாவின் விரல்கள் தடிமன். டேங்குக்குள் போகாது. அதனால் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு அவர் வைத்த பெயர் வாஷர். "டேய் வாஷர், ஒரு நிமிஷம்." அவருடைய ஒரு நிமிடம் ஒன்றரை மணி நேரம். ஒருநாள் அக்கா கேட்டே விட்டாள்: "ஏங்க, உங்க கடிகாரத்துக்கும் உப்புப் பிடிச்சிருக்கா?" மாமா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அவருக்கு இழுப்பு உண்டு. பல வருடம் ஆசிட் ஊற்றிக் கழிப்பறை கழுவியதில் வந்தது. சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பார். என்னை ஆசிட்டைத் தொட விடமாட்டார். "என் நெஞ்சு போனது போதும். நீ வினிகர்ல ஊறப்போடு, லேட்டானா லேட்டாகட்டும்." இதையும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. நடந்ததை நடந்தபடி என்று சொன்னீர்கள்.

மாலை வகுப்பில் சேர்ந்தது போன வருடம். குழாய், கழிவறைப் பொருத்துதல், பழுதுபார்ப்பு. ஆறரை முதல் எட்டரை வரை. சான்றிதழ் கிடைத்தால் வேறு ஊரில், நல்ல தண்ணீர் உள்ள ஊரில், வேலைக்குப் போகலாம். எனக்கு இருந்த ஒரே வாசல் அதுதான். அறுபது வகுப்பில் நாற்பத்தெட்டுக்காவது வந்திருந்தால்தான் தேர்வில் உட்கார விடுவார்கள். வருகையை வகுப்பு தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை எடுப்பார்கள். இரண்டிலும் இருக்க வேண்டும். பாதியில் எழுந்து போனால் அன்றைய வருகை சேராது.

வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு பழுதுக்கு மூன்று கட்டம்: குறை, காரணம், செய்தது. நான் எழுதிய முதல் பதிவு இப்படி இருந்தது. குறை: ஃப்ளஷ் நிற்காமல் ஒழுகுகிறது. காரணம்: வாஷர் சரியாக அமரவில்லை. செய்தது: கடின நீர்.

வகுப்பு ஆசிரியை அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். "தம்பி, செய்தது யாருன்னா கேட்டேன்? நீ என்ன பண்ணினன்னு கேட்டேன். தண்ணி மேல கேஸ் போடப் போறியா?" அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'இந்தக் கட்டத்தில் தண்ணீர் செய்ததை எழுதாதே. நீ செய்ததை எழுது.' வகுப்பே சிரித்தது. எனக்கு இன்றுவரை அது முழுதாக விளங்கவில்லை. செய்தது என்றால் இரண்டுமே பொருள்தானே. செய்தது எது என்றும் கேட்கலாம், செய்தது என்ன என்றும் கேட்கலாம். எங்கள் கட்டிடத்தில் எல்லாவற்றையும் செய்தது தண்ணீர்தான். நான் செய்தது எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை.

ஐம்பத்தொன்பதாவது வகுப்பு முடிந்தபோது நான் தவறவிட்டவை பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் தேதியும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் மாடியில் மிதவை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தண்ணீர். மூன்றாம் மாடித் தையல்கார அக்காவின் ஃப்ளஷ் பாம்பு மாதிரி சீறியது. அந்த அக்காவுக்காக மட்டும் நான்கு நாள். எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான். நான் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் அந்தக் குரல் வரும். நான் அக்காவிடம் போய் நிற்பேன். "அவர்கிட்ட சொல்லிட்டுப் போயேன்டா" என்பாள். அவரிடம் சொல்லப் போனால் கையில் ஸ்பானரைக் கொடுப்பார்.

அறுபதாவது வகுப்பு வியாழக்கிழமை. அன்று போகாவிட்டால் நாற்பத்தேழு. நாற்பத்தேழு என்றால் மறுபடி முதல் நாளிலிருந்து. ஆக, அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் மாமா என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதுவும் விரும்பவில்லை என்பதை எழுதிக்கொள்கிறேன்.

மாமாவுக்கு ஒரு பழக்கம். மாலை டீ குடித்ததும், ஆறு மணிக்கு, மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பின்புறம் உள்ள பழைய கழிப்பறைக்குப் போவார். வீட்டில் உள்ளதை அக்காவுக்கு விட்டுவிடுவார். அக்காவுக்கு அந்த வாரம் மதியத்திலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. பின்புறக் கழிப்பறையில் பக்கக் குழாய் எப்போதும் தெறிக்கும், சட்டை நனைந்துவிடும். அதனால் சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். கதவைச் சாத்துவார், தாழ்ப்பாள் போடமாட்டார். இழுப்பு உள்ள மனிதர் தாழ் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. போட நினைத்தாலும் பழைய தாழ்ப்பாள் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கதவு உள்பக்கம் திறப்பது. மரக்கதவு, தகடு அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாழ்ப்பாளை மாற்றினேன்.

மாற்றிப் போட்டது புதுசு என்று மாமாவிடம் சொன்னேன். அது புதுசு அல்ல. காலியாக இருந்த ஒரு வீட்டிலிருந்து நான் கழற்றியது. ஒரு ஜாடியில் எங்கள் தண்ணீரை ஊற்றி அதில் போட்டு வைத்தேன். தண்ணீர் வற்றியதும் மறுபடி ஊற்றினேன். இரண்டு மாதம். முதலில் இது வெறும் ஆர்வம்தான், மேடம். படிவு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று வகுப்பில் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. நான் அளந்தேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதிவாரியாக இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்டு முழுக்க வெள்ளையாகச் செதில் பிடித்தது. பிடித்து இழுக்கும் குமிழின் கழுத்து அரித்துப்போயிற்று. உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினால் தண்டு போய் உட்காரும். திரும்ப இழுத்தால் தண்டு வராது, குமிழ் கையோடு வரும். இதே மாதிரி வேறு இரண்டில் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதைப் பொருத்தினேன். பொருத்துமுன் வெள்ளிப் பூச்சு ஒரு கை அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

புதன்கிழமை நோட்டில் ஒரு பதிவை எழுதி வைத்தேன். முன்கூட்டியே எழுதுவது என் வழக்கம். வேலை முடிந்த பிறகு எழுதினால் கை நடுங்கி எழுத்து சரியாக வராது. அந்தப் பதிவைத்தான் நீங்கள் எனக்கு எடுத்துக் காட்டினீர்கள். 'வியாழன், 8.50. குறை: தாழ்ப்பாள் இறுகி ஆள் உள்ளே மாட்டிக்கொண்டது. காரணம்: கடின நீர்ப் படிவு. செய்தது: கதவிடுக்கில் ஆக்ஸா பிளேடு விட்டுத் தண்டை அறுத்து ஆளை வெளியே கொண்டுவந்தேன்.' கீழே ஆசிரியையின் கையெழுத்து. அவர் அதைப் போட்டது வகுப்பு முடியும்போது, எட்டரைக்கு. எட்டு ஐம்பதுக்கு நடந்த வேலையில் எட்டரைக்கு எப்படிக் கையெழுத்து வந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் நேரத்தை எழுதாமல் விட்டிருக்க வேண்டும்.

என் எண்ணம் இதுதான். இரண்டே முக்கால் மணி நேரம். நான் திரும்பி வருவேன், அறுத்துத் திறப்பேன். மாமா திட்டுவார், பிறகு சிரிப்பார். "பாத்தியா, இந்தத் தண்ணி ஆளையே பூட்டிப் போட்டுடுச்சு" என்று பன்னிரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிவார். எட்டு வருடம் பூட்டிக் கிடந்தவனுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பெரிதாகத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணி. மாமா டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். நான் மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"வாஷர், ஒரு நிமிஷம் நில்லு. ஒண்ணு சொல்லணும்."

"போயிட்டு வாங்க மாமா. வந்து சொல்லுங்க."

"அதுக்குள்ள நீ பறந்துடுவியே."

"நிக்கிறேன் மாமா. புதுத் தாழ்ப்பாள் எப்படி இருக்குன்னு சொல்லலையே நீங்க. போட்டுத்தான் பாருங்களேன், தண்டு நேரா உக்காருதான்னு. எனக்கு சந்தேகமாவே இருக்கு."

"உனக்கு எதுலதான்டா சந்தேகம் இல்ல?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போனும் இன்ஹேலரும் பையில் இருந்தன. பை கனத்துத் தொங்கியது. "உங்கக்கா கேட்டா நீதான் போடச் சொன்னன்னு சொல்லிடுவேன்" என்றார். கதவைச் சாத்தினார். தண்டு உட்காரும் ஓசை கேட்டது. "ஜம்முனு உக்காந்துடுச்சுடா" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

நான் மோட்டாரைப் போட்டேன். ஆறு ஐந்து. ஆறு ஏழாகவும் இருக்கலாம். தினமும் அந்த நேரத்துக்குப் போடுவதுதான். அது ஓடினால் பின்புறத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. தொட்டி நிறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிறைந்ததும் நிறுத்துவது மாமாவின் வேலை.

வாசலைத் தாண்டும்போது குழாய் தட்டும் சத்தம் கேட்டது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கட்டிடத்தில் குழாய்கள் எப்போதும் தட்டும். படிவு பிடித்த வால்வுகள் அடைத்து அடைத்துத் திறப்பதால் தண்ணீர் போய் முட்டி, சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பயப்படுவார்கள், பிறகு பழகிவிடும். பன்னிரண்டு வீட்டுக்கும் பழகிவிட்டது. ஆனால் தண்ணீர் முட்டும் சத்தத்துக்கு ஒழுங்கு கிடையாது. ஒன்று வரும், நாலு வரும், நின்றுவிடும். அன்று கேட்டது மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. தண்ணீருக்கு எண்ணத் தெரியாது. டேங்க் மூடியால் குழாயைத் தட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை என்பதும் தெரிந்தது. நான் நடந்தேன். ஆறு இருபத்தேழுக்கு வகுப்பில் உட்கார்ந்தேன்.

அன்று நல்ல வகுப்பு. கிண்ணத்துக்கு அடியில் உள்ள வளைவில் படிவு சேர்ந்து குறுகினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பழைய கிண்ணத்தை நெடுக அறுத்து வைத்துக் காட்டினார்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக அடுக்குகள், மரத்தின் வளையங்கள் மாதிரி. இதை எத்தனை வருடம் பயன்படுத்தியிருப்பார்கள் என்று ஆசிரியை கேட்டார். நான் மட்டும்தான் சரியாகச் சொன்னேன். எட்டு.

ஏழேகாலுக்கு இடைவேளை. ஆசிரியை என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"உன் மாமா நேத்து வந்திருந்தார், தெரியுமா? மாடி ஏறி வந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்கிட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சார்."

"எதுக்கு மேடம்?"

"நீ லீவு போட்ட பன்னிரண்டு நாளும் என் கட்டிடத்துல பழுதுதான் பார்த்தான்னு, எந்த நாள், எந்த வீடு, என்ன பழுதுன்னு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது செய்முறைப் பயிற்சியில சேரும்ப்பா. எல்லாத்துக்கும் வருகை போட்டுட்டேன். உனக்கு இனி ஒரு குறையும் இல்ல. இன்னைக்கு நீ வரலைன்னாலும் பரீட்சை எழுதியிருக்கலாம்." பிறகு, "சொல்லலையா உன்கிட்ட? நானே சொல்றேன்னாரே" என்றார்.

சொல்லத்தான் வந்தார், நான்தான் பிறகு என்றேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நன்றி என்று சொன்னேன். அவர் காட்டிய தாளைப் பார்த்தேன். மாமாவின் கோணல் எழுத்து. மூன்றாம் மாடித் தையல்கார அக்காவின் நான்கு நாளும் தேதியோடு இருந்தன. அதில் ஒரு தேதியில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

மற்றதை நீங்கள் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். ஏழரைக்குத் தொட்டி வழிந்தது. தையல்கார அக்கா ஜன்னலைத் திறந்து இரண்டு தடவை கத்தினார்: "அண்ணே, டேங்க் வழியுது, மோட்டாரை நிறுத்துங்க." எப்போதும் அதற்குள் மாமா நிறுத்திவிடுவார். எட்டு மணிக்கு, காயப்போட்ட துணியெல்லாம் நனைந்த பிறகு, திட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்து தையல்கார அக்காவே நிறுத்தினார். மோட்டார் நின்றதும் எல்லாம் அமைதியாக இருந்ததாம். ஆணியில் சட்டையைப் பார்த்திருக்கிறார். நான்கு பேராகக் கடப்பாறை போட்டுக் கதவைப் பெயர்த்திருக்கிறார்கள். அதற்குள் மாமாவுக்கு மூச்சு நின்றிருந்தது. "குழாய் தட்டுற சத்தம் ஏழே முக்கால் வரைக்கும் கேட்டுச்சு. நம்ம குழாய் எப்பவும் தட்டுறதுதானேன்னு இருந்துட்டேன்" என்று அவர் அழுதார். நான் எட்டு ஐம்பதுக்கு வந்தபோது ஆக்ஸா பிளேடு பையில் இருந்தது. அதற்கு வேலை இருக்கவில்லை.

அக்கா ஒன்பதரைக்கு வந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தாழ்ப்பாளே போடமாட்டாரேடா. இன்னைக்கு ஏன் போட்டார்?" அவள் அதையே வேறு யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

இந்த அறை எனக்குச் சிரமமாக இல்லை, மேடம். மூலையில் உள்ள கழிப்பறையில் டேங்க் ஒழுகுகிறது. வாஷர்தான். ஐந்து நிமிட வேலை. சொன்னால் செய்து தருவேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. வருகை எல்லாம் சேர்ந்துவிட்ட விஷயம் ஏழேகாலுக்கே தெரிந்துவிட்டது. வகுப்பிலிருந்து கட்டிடத்துக்கு இருபது நிமிட நடை. ஓடினால் பன்னிரண்டு. ஏழே முக்கால் வரை அவர் தட்டிக்கொண்டிருந்தார். கணக்கு எனக்கும் தெரிகிறது. இதை முறைப்படி எழுதினால்தான் சரியாக வரும் என்று தோன்றியதால், கீழே மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் கடின நீர் என்று எழுதி அடித்திருக்கிறேன். பிறகு அதையே மறுபடி எழுதியிருக்கிறேன். அந்தத் தண்டை இறுக்கியது தண்ணீர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. மூன்றாவது கட்டத்தில் மட்டும் ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி நான் செய்ததை எழுதியிருக்கிறேன்.

குறை: மாமா உள்ளே.

காரணம்: கடின நீர்.

செய்தது: பாதியில் எழுந்து போனால் அன்றைய வருகை சேராது என்பதால், எட்டரை வரை உட்கார்ந்திருந்தேன்.